ஆசிட் தொட்டிக்கு எதிரே: கர்சீப்பா, மாஸ்க்கா, எக்ஸாஸ்ட்டா?

வியாசர்பாடி பக்கம், உலோகத்தை ஆசிட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் பட்டறையில் என் மச்சானுக்குப் பதினோரு வருஷ வேலை. குரல் கம்மிப்போய் ஒரு மாசம் ஆனதும்தான், "இன்னா மச்சான், ஒரு நல்ல மாஸ்க்கா சொல்லேன்" என்று வந்தார். முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டை ஓ.பி.க்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மல் விடவில்லை என்றால் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். கட்டி இல்லை, வீக்கம்தான் என்றார்கள். மாஸ்க் பேச்சு அதற்கப்புறம்.

பயம் வீண் பயம் இல்லை. கந்தக அமிலம் கலந்த அமிலப் பனி, அதாவது காற்றில் மிதக்கும் அமில நுண்துளிகள், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே அறிவித்துவிட்டது. அது முக்கியமாகத் தாக்குவது குரல்வளையை.

பட்டறையில் காலங்காலமாக இருக்கும் வைத்தியம் கர்சீப்பும் வெல்லமும். ஈரக் கர்சீப் கண்ணுக்குத் தெரியும் தூசியைக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவே. வெல்லம் போவது இரைப்பைக்கு, அமிலப் பனி போவது மூச்சுக்குழாய்க்கு. இரண்டும் வேறு ரூட். "ஒரு கட்டிங் போட்டா எரிச்சல் அடங்கிடும்" என்பவர்களும் உண்டு. மதுவே குரல்வளைப் புற்றுநோய்க்கு ஒரு காரணம். கூடப் பீடியும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் என்95 மாஸ்க்கை நம்புகிறார்கள். அது துகளைப் பிடிக்கும். அமிலத் துளியில் ஒரு பங்கையும் பிடிக்கும். ஆனால் துரு எடுக்க இரும்பை முக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியிலிருந்து வருவது வாயு. அது என்95-க்குள் சுகமாக நுழையும்.

வாயுவை உறிஞ்சும் டப்பா பொருத்திய காட்ரிட்ஜ் மாஸ்க்தான் அடுத்த படி. பாரிமுனைக் கடைகளில் பெயின்ட் அடிப்பவர்களுக்கான காட்ரிட்ஜை எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். ஆசிட் வாயுவுக்கென்று எழுதியதாக இருக்க வேண்டும், அதோடு துகள் வடிகட்டியும் சேர்ந்திருக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த நிமிஷத்திலிருந்து காட்ரிட்ஜ் காற்றில் இருப்பதை உறிஞ்சித் தீரத் தொடங்கிவிடும். ராத்திரி ஆணியில் தொங்கவிடாமல் இறுக்கமான கவருக்குள் போட்டு வைக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், வாங்கிய காசு தண்டம். மச்சானுக்கோ அடர்ந்த தாடி! சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் ரப்பர் மாஸ்க்கை யார் கழற்றாமல் இருப்பார்கள் என்பது இன்னொரு கேள்வி.

என் ஓட்டு எக்ஸாஸ்ட்டுக்குத்தான். ஆனால் அதிலும் இரண்டு ஜாதி. பெரும்பாலான பட்டறைகளில் தொட்டிக்கு நேர்மேலே குடை மாதிரி தகரம் கவிழ்த்து விசிறி வைத்திருப்பார்கள். தொட்டியில் கிளம்பும் அமிலப் பனி அந்த விசிறிக்குப் போகும் வழியில், குனிந்து வேலை செய்பவரின் முகத்தைத் தடவிக்கொண்டுதான் போகும். தொட்டியின் விளிம்பில் நீளவாக்கில் பிளவு வைத்துப் பக்கவாட்டில் இழுப்பதுதான் சரியான அமைப்பு. முகம் வரை பனி ஏறுவது வெகுவாகக் குறையும். செலவு முதலாளியுடையது என்பதால் இந்தப் பேச்சு எடுத்தாலே முகம் சுருங்கும்.

மலிவான ஒரு வழியும் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது கிளம்பும் வாயுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போதுதான் அமிலம் துளித்துளியாகத் தெறிக்கிறது. தொட்டியின் மேல் பிளாஸ்டிக் பந்துகளை நெருக்கமாக மிதக்கவிட்டால் தெறிப்பில் பெரும்பங்கு அங்கேயே அடங்கும். எக்ஸாஸ்ட்டுக்கு மாற்று ஆகாது, ஆனால் வெறும் கர்சீப்போடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கும் கூரை வேலைக்காரர்களுக்கும் குரல்வளை ஆபத்து உண்டு. அங்கே கணக்கு வேறு. மிஷினை ஓரம் கட்டிவிட்டு, ஷீட்டை நனைத்து, கை ரம்பத்தால் அறுப்பது எந்த மாஸ்க்கையும்விட முதலில் செய்ய வேண்டியது. ஷீட்டிலிருந்து பறக்கும் நுண்ணிய ஆஸ்பெஸ்டாஸ் நாருக்கு என்95 போதாது.

மச்சானின் பட்டறையில் பந்துகள் வந்துவிட்டன. எக்ஸாஸ்ட்டுக்குக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்களாம். அதுவரை காட்ரிட்ஜ் மாஸ்க்தான். தாடியை எடுத்த மறுநாள் அவரை அக்காவுக்கே அடையாளம் தெரியவில்லை.