டிக்கியில் ஆறு வருடம்: ரெக்கவரி சாமான்களில் எது உழைத்தது, எது தூங்கியது

ஆஃப்ரோடு ஓட்டத் தொடங்கிய புதிதில் டிக்கி கொள்ளாத அளவுக்குச் சாமான் வாங்கிப் போட்டேன். எல்லாம் புதைந்த வண்டியை மீட்பதற்கு: நீண்டு இழுக்கும் கைனடிக் கயிறு, அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள் (வளையம்), சக்கரத்தடியில் செருகும் ரெக்கவரி போர்டு இரண்டு, வண்டியை உயரத் தூக்கும் ஹை-லிஃப்ட் ஜாக், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர், மண் தோண்ட ஒரு ஷவல். இருப்பதிலேயே மலிவு ஷவல்தான். ஆறு வருடத்தில் அதிகம் தேய்ந்திருப்பதும் அதுதான்.

போர்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நானே கெடுத்தேன். மணலில் புதைந்த முதல் தடவை, பின்சக்கரத்துக்கு முன்னால் போர்டைச் செருகிவிட்டு ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தேன். சக்கரம் போர்டில் ஏறவில்லை, அதன் மேலேயே சுழன்றது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் காலை எடுத்தேன். டயரைப் பிடிக்க வேண்டிய முளைகளில் ஒரு வரிசை மழுங்கி, மெழுகு வழிந்த மாதிரி ஆகிவிட்டது. அன்று உண்மையில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருந்தது. அப்படி இருக்கும்போது சக்கரத்தில் பாரமே விழாது, எந்தப் போர்டும் உதவாது. முதலில் அடியில் தோண்டி வயிற்றை விடுவிக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வழி வெட்டி, போர்டை டயரோடு ஒட்டச் செருகி, லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியரில்) மெதுவாக நகர்த்த வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதே போர்டுதான், திருப்பிப் போட்டு நல்ல முனையைப் பயன்படுத்துகிறேன்.

டயர் காற்றைக் குறைப்பதற்கு ஈடாக எந்தச் சாமானும் இல்லை. சாலையில் 32 பி.எஸ்.ஐ. என்றால் மணலில் இறங்கும் முன்பே 18 ஆக்கிவிடுவேன். டயர் அகலமாவதைவிட நீளவாக்கில் அதிகமாகப் படியும், அதனால் மணலில் மிதக்கும். மாட்டிக்கொண்டால் 15 வரை இறக்குவேன். ஒருமுறை 12-க்கு இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைச் சட்டென ஒடித்தேன், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொண்டது. அன்றைய நாள் அதோடு முடிந்தது. கம்ப்ரசர் பரவாயில்லை ரகம். மூன்றாவது டயரில் சூடேறித் தானாக நின்றுவிடும், கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஃபியூஸ் போன பிறகு, நேராக பேட்டரியிலேயே மாட்டுகிறேன்.

கைனடிக் கயிற்றைப் பத்துத் தடவைக்குள்தான் எடுத்திருப்பேன். நைலான், 20 முதல் 30 சதவீதம் வரை நீளும். அந்த இழுவிசை திரும்பி வரும்போதுதான் புதைந்த வண்டி வெளியே வருகிறது. சாதாரண டோயிங் பெல்ட் இப்படி நீளாது, அதை வைத்து ஓடி வந்து வெடுக்கென்று இழுத்தால் ஏதாவது ஒன்று பிய்யும். சேற்றில் நனைந்த கயிற்றை அலசி நிழலில் காயப் போடுவது பெரிய சலிப்பு. ஆனால் செய்யாமல் விட்டால் உள்ளே தங்கும் மணல் இழைகளை அறுக்கும். நான்காம் வருடம் கண்ணி ஓரம் பஞ்சு மாதிரிப் பிரிந்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன்.

உதவிக்கு வந்த ஒருவர் அந்தக் கயிற்றை டோ பாலில் மாட்டப் போனார். "அண்ணா, அதில் வேண்டாம், அது பிய்ந்தால் குண்டு மாதிரி வரும்" என்றேன். அவருக்குக் கோபம். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டிரெய்லர் இழுக்கச் செய்த உருண்டை அது, இந்த உதறலைத் தாங்காது, அப்படிப் பறந்து வந்து ஆள் செத்திருக்கிறது. சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொருத்திய ரெக்கவரி பாயின்ட், அதாவது இழுப்பதற்கான கொக்கி, தேடி மாட்டினோம், நின்றவர்களைத் தள்ளி நிறுத்தினோம், ஒரே இழுப்பில் வந்தது.

இரும்பு ஷேக்கிளை விட்டு, கயிற்றால் ஆன சாஃப்ட் ஷேக்கிளுக்கு மாறிவிட்டேன். எடையே இல்லை. பிய்ந்தாலும் இரும்புத் துண்டு பறக்காது. மாட்டும் துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் மட்டும் அறுபடும், விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஹை-லிஃப்ட் ஜாக்? இரண்டே தடவை. என் வண்டியின் பிளாஸ்டிக் பம்பரில் அது பிடிக்க இடமே கிடையாது. சேற்றில் அடிப்பகுதி புதையும், பலகை வைக்க வேண்டும். கைப்பிடி கைதவறி எகிறினால் தாடை போய்விடும். இப்போது வீட்டில் துருப்பிடிக்கிறது. வின்ச், அதாவது வண்டியில் பொருத்திக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம், நான் வாங்கவே இல்லை.

ஷவலின் கைப்பிடி போன மாதம் விரிசல் விட்டது. டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.