சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் கை வைத்தார்கள்

தோள் வலி, கழுத்து வலி என்று மசாஜ் மையம் தேடுகிறவர்கள், அதிலும் நீரிழிவு உள்ள பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் என் அம்மாவுக்கு நடந்தது இது.

அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். சர்க்கரைக்கு நீண்ட காலமாக மாத்திரை சாப்பிடுகிறார். இடது கையைத் தூக்குவது மெல்ல மெல்லச் சிரமமானது. முதலில் தலை பின்ன முடியவில்லை. பிறகு முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்தால் வலியில் விழித்துக்கொள்வார். உறவினர் ஒருவர் ஒரு மையத்தைச் சொன்னார். தன்வந்திரி படம், பித்தளை உருளி, சாம்பிராணிப் புகை என்று வரவேற்பறையில் எதற்கும் குறைவில்லை. வெள்ளை கோட்டு போட்டவரை எல்லோரும் வைத்தியர் என்றார்கள். என்ன படித்திருக்கிறார் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

அவர் அம்மாவின் கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "நரம்பு சுருண்டிருக்கிறது அம்மா, எடுத்துவிடலாம்" என்றார். சர்க்கரை உண்டா, முன்பு எங்காவது விழுந்தீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எதையும் கேட்கவில்லை. மூன்று வார பேக்கேஜ் 22,000 ரூபாய், இன்றே கட்டினால் 18,000 என்ற கணக்கில் மட்டும் துளி பிசகில்லை. கட்டினோம்.

நரம்பு எதுவும் சுருண்டிருக்கவில்லை. பிறகு எலும்பு மருத்துவர் பார்த்துச் சொன்னது ஃப்ரோசன் ஷோல்டர். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறது. நீரிழிவுக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். வலி மிகுந்த கட்டம், இறுக்கம் மிகுந்த கட்டம், மெல்ல விடுபடும் கட்டம் என்று போகும். பலருக்கு முழுதும் சரியாக ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். மேலே தைலம் தேய்த்தால் தசைக்குச் சற்று இதமாக இருக்கலாம். உள்ளே சுருங்கிய உறையை அது நீட்டிவிடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது கையைப் பலவந்தமாக இழுத்தால் அழற்சி கூடத்தான் செய்யும்.

அந்த மையத்தில் அதைத்தான் செய்தார்கள். பணிப்பெண் ஒருவர் தோளை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கையைத் தலைக்கு மேல் இழுத்தார். அம்மா அலறியது வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. உள்ளே ஓடினால், "வலி வெளியேறுகிறது, தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று எனக்கே பாடம் நடத்தினார் வைத்தியர். மூட்டு சொடுக்கிய சத்தத்தைக் காட்டி, விலகியிருந்தது உட்கார்ந்துவிட்டது என்றார். மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாகும்போதும் அந்தச் சத்தம் வரும். நாம் விரலைச் சொடுக்கினால் வருவதும் அதுதான்.

இதைவிடப் பெரிய கொடுமை காலில் நடந்தது. பேக்கேஜில் உடல் முழுவதற்கும் கிழி ஒத்தடம், அதாவது மருந்தைத் துணியில் முடிந்து சூடாக்கி ஒற்றுவது, சேர்த்தி. தோளுக்கு வந்தவருக்குப் பாதத்தில் எதற்கு ஒத்தடம் என்று கேட்டால், ரத்த ஓட்டம் என்றார்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ள பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், சூடு தெரியாது. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் குதிகாலில் கொப்புளம். அது உடைந்து, ஆறுவதற்குப் பட்ட பாடு தோள் வலியை மறக்கடித்துவிட்டது. "சர்க்கரை இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி தடுத்திருக்கக்கூடிய புண் அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ரசீதின் அடியில் பொடி எழுத்தில், செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது என்று இருந்தது. மேலே சிகிச்சை என்ற சொல்லே இல்லை. 'உடல்நலப் பராமரிப்புச் சேவை' என்று போட்டிருந்தார்கள். கேட்டால் நாங்கள் வைத்தியம் பார்க்கவே இல்லை என்று நழுவலாம் அல்லவா? மீதி நாட்களை வேண்டுமானால் நீங்கள் வந்து பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று என்னிடம் பெருந்தன்மை வேறு.

எண்ணெயும் கையும் வைத்துச் செய்யும் வைத்தியம் எல்லாமே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் (உடலைப் பிடித்துவிடுவது), வர்மம் (வர்மப் புள்ளிகளைத் தொட்டுச் செய்வது), ஒத்தடம் எல்லாம் முறையாகப் பயிலும் புறமருத்துவம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) அல்லது பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதப் பட்டம்) படித்தவரா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் என்றால் பி.பி.டி. பட்டம். கேட்டதும் முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இப்போது அம்மாவைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கையைத் தொடவே நேரமெடுத்துக்கொண்டார், அவ்வளவு கேள்விகள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டும் ஊசல் பயிற்சி, சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி, அதற்கு முன் மிதமான வெந்நீர் ஒத்தடம், அதுவும் சூட்டை இன்னொருவர் தொட்டுப் பார்த்த பிறகு. ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேச்சு வந்தபோது, சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதையும் மருத்துவர் முன்கூட்டியே சொன்னார்.

இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், புண்ணின் புகைப்படம், மருத்துவர் எழுதிய சீட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாங்கள் புகார் கொடுத்த பிறகு மையத்திலிருந்து அழைத்துப் பாதித் தொகை தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். முழுத் தொகையும் காலுக்கு ஆன மருத்துவச் செலவும் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.