கண்ணால் பிடிப்பதா, எண்ணால் பிடிப்பதா: குர்ட்ஜீஃப் நடனங்களின் கை வரிசைகள்

வலது கை தோள் மட்டத்தில் பக்கவாட்டாக நீண்டிருக்கிறது. இடது கை தலைக்கு மேலே. தாளத்தின் அடுத்த தட்டில் வலது கை முன்னால் வரவேண்டும், இடது கை மடங்கித் தோளைத் தொடவேண்டும். அதற்கடுத்த தட்டில் இரண்டும் வேறு எங்கோ போகவேண்டும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே செய்தால் முதல் நாளே இது ஓரளவு வந்துவிடும். ஒவ்வொரு கை நிலைக்கும் உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டு செய்தால் முதல் நாள் கை நகரவே யோசிக்கும். குர்ட்ஜீஃப் நடனங்களைக் கற்க வருபவர்கள் வழி பிரிவது இந்த இடத்தில்தான். நான் முதலில் ஒரு வழியில் போய், பாதியில் திரும்பி வந்து மற்ற வழியைப் பிடித்தவன். அதனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஆன்மிக ஆசிரியரான ஜி. ஐ. குர்ட்ஜீஃப் இந்த அசைவுகளை முதலில் மேடையேற்றியது 1919-இல், அன்று திஃப்லிஸ் என்று அழைக்கப்பட்ட திபிலிசியில். 1922-இல் பாரிசுக்கு அருகே ஃபோன்டென்புளோ பக்கம் தன் பள்ளியை அமைத்தார். 1923 டிசம்பரில் பாரிசிலும், 1924-இல் நியூயார்க்கிலும் மாணவர்கள் ஆடிக் காட்டினார்கள். பியானோ இசையில் அவருக்குத் துணை நின்றவர் தாமஸ் டி ஹார்ட்மன். 1949-இல் குர்ட்ஜீஃப் இறந்த பிறகு, இந்த அசைவுகளைப் பல பத்தாண்டுகள் கட்டிக்காத்தவர் அவருடைய மாணவி ஜான் டி சால்ஸ்மன். பார்ப்பவரை மகிழ்விப்பது இந்த நடனத்தின் முதல் நோக்கம் அல்ல. கைக்கு ஒரு வரிசை, காலுக்கு ஒரு தாளம், தலைக்கு ஒரு திருப்பம் என்று ஒரே நேரத்தில் கொடுத்து, பழக்கத்தில் தானாக ஓடும் உடம்பை விழிக்க வைப்பதுதான் வேலை.

இதில் எண் எங்கே வருகிறது? 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857 142857 என்று முடிவில்லாமல் போகும். குர்ட்ஜீஃப் கற்பித்த ஒன்பது முனை வடிவத்தில், உள்ளே ஓடும் கோடுகளில் ஆறு முனைகளை இணைப்பது இதே வரிசைதான்: 1, 4, 2, 8, 5, 7, மறுபடி 1. நடனங்களில் ஒரு வகைக்குப் பெருக்கல்கள் என்றே பெயர். எந்த எண்ணுக்கு எந்தக் கை நிலை என்பது நடனத்துக்கு நடனம் மாறும். பேசுவதற்கு வசதியாக இங்கே நான் ஓர் அடுக்கை வைத்துக்கொள்கிறேன். 1 என்றால் கை கீழே தொங்கும். 2 என்றால் முன்னால் நீளும். 4 பக்கவாட்டு. 5 தலைக்கு மேல். 7 மடங்கித் தோளைத் தொடும். 8 என்றால் உள்ளங்கை நெஞ்சில்.

முதலில் கண்வழி. ஆசிரியர் முன்னால் நின்று செய்வார், நாம் பின்னால் நின்று பிடித்துக்கொள்வோம். இதன் பலம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ‘4’ என்ற எண் கை எங்கே போகவேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். முழங்கை பூட்டியிருக்க வேண்டுமா, உள்ளங்கை தரையைப் பார்க்கவேண்டுமா, தொங்கும் கை பக்கவாட்டுக்கு எந்தப் பாதையில் ஏறவேண்டும், விரல் நுனிவரை உயிர் இருக்கிறதா என்பதெல்லாம் எண்ணுக்குத் தெரியாது. நல்ல ஆசிரியர் ஒருவர் கையை ஒரே ஒரு முறை தூக்குவதைப் பார்த்தால் போதும், ஒரு பக்கம் எழுதினாலும் வராதது அதில் வந்துவிடும். அதோடு, கண்வழியில் கற்கும்போது வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். முகம் இறுகாது, மூச்சு அடைபடாது.

ஆனால் வரிசை என்று வந்தவுடன் இந்த வழி நம்மை ஏமாற்றுகிறது. நான் சில மாதங்கள் முன்வரிசையில் இருந்த ஒருவரின் கையைப் பார்த்தே ஆடினேன். நன்றாகத்தான் ஆடினேன், அல்லது அப்படி நினைத்தேன். ஒரு நாள் பெருக்கல் பயிற்சி தொடங்கியது. ஆடுபவர்கள் ஆறு வரிசைகளாக நிற்பார்கள், ஒவ்வொரு வரிசையும் வேறு எண்ணில் தொடங்கும். முதல் வரிசைக்கு 142857. அதை 2-ஆல் பெருக்கினால் 285714, அது இரண்டாம் வரிசை. அப்புறம் 428571, 571428, 714285, 857142. என் முன்னால் நின்றவர் கை முன்னால் நீளும்போது என் கை பக்கவாட்டில் இருக்கவேண்டும். நான் அவரைப் பார்த்தேன், என் கையும் முன்னால் போனது. திருத்திக்கொள்ள இந்தப் பக்கம் பார்த்தால் அங்கே கை நெஞ்சில். அந்தப் பக்கம் தலைக்கு மேல். மூன்றாவது சுற்றில் கை கீழே தொங்க நின்றுவிட்டேன். பார்த்துப் பிடிக்க அங்கே ஆளே இல்லை. ஏனென்றால் எந்தத் தட்டிலும் ஆறு வரிசைகளில் ஆறு வெவ்வேறு நிலைகள்தான் இருக்கும், ஒன்றுகூட இரண்டு முறை வராது.

எண்வழியின் அழகு அன்றைக்குத்தான் எனக்குத் திறந்தது. மேலே சொன்ன ஆறு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பார்க்க ஆறு மனப்பாடம் மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்றுதான். 1-க்குப் பின் 4, 4-க்குப் பின் 2, 2-க்குப் பின் 8, 8-க்குப் பின் 5, 5-க்குப் பின் 7, 7-க்குப் பின் 1. எந்த வரிசையில் நின்றாலும் இந்த வளையம் மாறாது, ஏறும் இடம் மட்டும் மாறும். வளையம் உடம்பில் இருந்தால் எந்த வரிசைக்கும் போய் நிற்கலாம், நடுவில் இடம் மாறச் சொன்னாலும் மாறலாம்.

இதைவிட நான் நேசிப்பது இன்னொன்று. வலது கை 142857 போகும்போது இடது கை மூன்று தட்டு தள்ளி, 857142 என்று போகிறது என்று வையுங்கள். வலது 1, இடது 8. வலது 4, இடது 5. வலது 2, இடது 7. கூட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு தட்டிலும் 9. ஆறு தட்டும் அப்படியே. வலது கை பக்கவாட்டில் இருக்கும்போது இடது கை தலைக்கு மேல் இல்லாமல் முன்னால் இருந்தால் கூட்டுத்தொகை 6. தவறு அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். கண்ணாடி வேண்டாம், பக்கத்து ஆள் வேண்டாம், ஆசிரியர் சொல்லவேண்டாம். கண்வழியில் கற்றவருக்குத் தன் தவறு இன்னொருவரைப் பார்க்கும்வரை தெரியாது. எண்வழியில் கற்றவரின் தவறு அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவிலேயே மாட்டிக்கொள்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே தராசை எண்ணின் பக்கம் சாய்க்கப் போதும்.

எண்வழிக்கும் நோய் உண்டு. முதல் சில வாரங்கள் உதடு முணுமுணுக்கும், கண் தரையில் குத்திட்டு நிற்கும், கை அரைத் தட்டு பிந்தி வரும். மூளை கட்டளை போட்டு, கை அதற்குக் காத்திருக்கும் ஆட்டம் அது. அதிலேயே தங்கிவிட்டால் கணக்குப் பாடம்தான் மிஞ்சும், நடனம் வராது. இன்னொரு குழப்பமும் உண்டு, அதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தாளத்தையும் நாம் எண்ணால்தான் எண்ணுகிறோம்: 1, 2, 3, 4. கை நிலைக்கும் எண்தான். மூன்றாம் தட்டில் கை ‘2’-இல் இருக்கவேண்டும் என்றால் எந்த எண்ணைச் சொல்வது?

இங்கே, உடல் அசைவு வழியாக இசையைக் கற்பிக்கும் டால்குரோஸ் முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். அதிலும் கைக்கு எண் உண்டு. நான்கு தட்டுத் தாளத்தில் முதல் தட்டுக்குக் கை கீழே, கடைசித் தட்டுக்குக் கை மேலே என்று கைகள் தாளத்தைக் காட்டும், கால்கள் சுர நீளத்தை நடக்கும். அங்கே எண் என்பது நேரம். இங்கே எண் என்பது இடம். ஜான் டி சால்ஸ்மன் திஃப்லிஸில் டால்குரோஸ் முறையைக் கற்பித்தவர், 1919 மேடையில் ஆடியதும் அவருடைய மாணவிகள்தான். அதனால் இரண்டும் தூரத்து உறவு இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் இங்கே தட்டையும் நிலையையும் கலந்துவிடுகிறார்கள். மருந்து எளிது: தட்டை எண்ணவே கூடாது. தட்டைப் பியானோவிடமும் காலிடமும் விட்டுவிட்டு, வாயில் நிலை எண் மட்டும் இருக்கவேண்டும்.

தாளில் கட்டம் போட்டு எழுதி வைப்பதும் ஒரு வழிதான். வரிசைகள் எப்படி மாறுகின்றன என்று புரிந்துகொள்ள அதைவிட நல்லது இல்லை, ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். வகுப்பில் கையில் தாளோடு நிற்பதில் பயன் இல்லை. காணொளி? கை நிலையைச் சரிபார்க்கலாம், அவ்வளவுதான். இந்த மரபில் முழு நடனங்களைப் பொதுவில் போடத் தயக்கம் அதிகம், கிடைப்பவற்றில் வலது இடது புரண்டிருப்பதும் உண்டு.

சரி, புதிதாக வருபவர் எதை எடுப்பது? வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்பேன். ஆறு நிலைகளையும் கண்ணால் கற்றுக்கொள்ளுங்கள், ஆசிரியரை உற்றுப் பார்த்து, ஒரு நிலைக்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. வரிசையை மட்டும் கண்ணிடம் கொடுக்காதீர்கள். இசை இல்லாமல், வலது கை மட்டும், எண்ணை வாய்விட்டுச் சொல்லி வளையம் சுற்றுங்கள். அப்புறம் இடது கை மட்டும், 8-இல் தொடங்கி. இரண்டையும் சேர்க்கும் நாளில் சத்தமாக இரண்டு எண் சொல்ல முடியாது, வலது கையின் எண்ணை மட்டும் சொல்லுங்கள், இடது கை 9-க்கு மீதியைத் தேடிக்கொள்ளட்டும். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் கால். கால் நான்கு தட்டில் சுற்றினால், கையும் காலும் பன்னிரண்டு தட்டுக்கு ஒரு முறைதான் தொடக்கத்தில் சந்திக்கும், அதுவரை காத்திருக்கப் பழகவேண்டும். எண் தானாக உதட்டிலிருந்து இறங்கி மௌனமாகும் நாள் வரும், அதை அவசரப்படுத்த வேண்டாம்.

எந்த வழியில் கற்றோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும் பயிற்சி ஒன்று குர்ட்ஜீஃப் காலத்திலேயே இருந்தது. ஆசிரியர் திடீரென்று ‘நில்’ என்பார், எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே உறையவேண்டும். சமீபத்தில் ஒரு வகுப்பில் அப்படி உறைந்தேன். வலது உள்ளங்கை நெஞ்சில், இடது கை தொங்குகிறது. எட்டும் ஒன்றும். தலையைத் திருப்பாமலே தெரிந்தது, அடுத்து வலது மேலே, இடது பக்கவாட்டில். பியானோ மறுபடி தொடங்கியபோது இரண்டு கைகளும் அங்கே போயின.