எடைபோட்டுக் காசு கேட்கும் குப்பைத்தொட்டி: சியோலில் மூன்று வருட அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, சைக்கிள்கள் நிற்கும் இடத்தை ஒட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். மீந்த சோறு, காய்த்தோல் எல்லாம் கொட்டியதும் எத்தனை கிராம், எத்தனை வொன் (தென்கொரிய நாணயம்) என்று சின்னத் திரையில் வரும். எங்களுக்குக் கிலோவுக்கு 130 வொன். மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

பணம் பெரிதில்லை. அந்த எண்தான் என்னை மாற்றியது. இங்கே வந்த முதல் பொங்கலுக்கு மறுநாள் 2,300 கிராம் என்று காட்டியது. அதில் பாதிக்குமேல் நல்ல வெண்பொங்கல். மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து விருந்தாளி வந்தாலும் ஆளை எண்ணித்தான் அரிசி களைகிறேன். தண்ணீருக்கும் எடை உண்டு என்பதால் காய்த்தோலை இரவெல்லாம் வடிதட்டில் வைத்துவிட்டுக் காலையில் கொண்டுபோகிறேன்.

எதைப் போடலாம் என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். எலும்பு, முட்டை ஓடு, மாங்கொட்டை, வெங்காயச் சருகு எதுவும் இதில் சேராது. நான் எல்லாவற்றையும் கலந்து கொட்டப் போனபோது பக்கத்து வீட்டுப் பாட்டி தடுத்து, "விலங்கு தின்னுமா? அதை மட்டும் போடு" என்று சைகையோடு சொன்னார். சேர்வதில் பெரும்பகுதி தீவனமாகவும் உரமாகவும் போகிறது. உணவுக் கழிவை அப்படியே புதைக்க 2005 முதல் தடை. கும்பகோணத்தில் அம்மாவின் கழுநீர்த் தொட்டிக்கும் பாட்டி சொன்ன அதே சட்டம்தான். மாடு தின்னாதது அதில் விழவே விழாது. உப்பு ஆகாது என்பதால் ஊறுகாய், சாம்பார் மீதியை அலசிப் போட வேண்டும் என்பதும் பாட்டி சொல்லிக்கொடுத்ததுதான்.

எலும்பும் ஓடும் காசு கொடுத்து வாங்கும் குப்பைப் பையில் போகும். 1995 முதல் நாடு முழுக்க இந்தப் பை முறை. தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

குறைகளும் உண்டு. ஆகஸ்டில் மூடியைத் திறந்தால் நாற்றம் தாங்காது. குரல் அறிவிப்பு கொரிய மொழியில் மட்டும்தான். ஒருமுறை மூடி பாதியில் சிக்கி, இரண்டு நாள் கழிவை ஃபிரீசரில் வைத்திருந்தோம். தொட்டியைக் கழுவும் தொழிலாளர்களை நினைத்தாவது பிளாஸ்டிக் பையோடு போடாதீர்கள்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கணக்கு 5.8 கிலோ. முதல் தை மாதத்தில் 13 கிலோ.