ஹோம்மேட் ஸ்கிம்மர் பிளம்பிங்கோட செஞ்சு தரேன்னு யாராவது சொன்னா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மரைன் டேங்க் (உப்புத் தண்ணி மீன் தொட்டி) வச்சிருக்கவங்களுக்கும் வைக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் இந்தப் பதிவு. சென்னையில ஒருத்தர் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல வீடியோ போட்டு ஹோம்மேட் புரோட்டீன் ஸ்கிம்மர் (தண்ணியில இருக்கிற அழுக்கை நுரையாப் பிரிச்சு எடுக்கிற கருவி) வித்துட்டிருக்கார், வீட்டுக்கே வந்து சம்ப்ல (டேங்க்குக்குக் கீழ வைக்கிற ஃபில்டர் தொட்டி) உக்கார வச்சு பைப் லைன் எல்லாம் போட்டுக் குடுத்துட்டுப் போவார், கேக்கவே நல்லாத்தான் இருக்கும். பேர் போடல, போட்டா பேச்சு வேற ரூட்ல போயிடும். என்ன பண்ணினார், எந்த பிட்டிங்ல கை வச்சார்னு மட்டும் சொல்றேன்.

என் டேங்க் 4 அடி, சுமார் 250 லிட்டர், கீழ ஸ்டாண்டுக்குள்ள சம்ப். ரெண்டு கிளவுன் மீன், ஒரு கார்பெட் அனிமோன் (பூ மாதிரி விரியற கடல் பிராணி), ஒரு ஜோடி கிளீனர் ஷ்ரிம்ப், பாசி மேயறதுக்கு டர்போ நத்தைங்க. கோரல் (பவளம்) கிடையாது, நம்ம கடல்ல இருந்து எடுக்கிற கோரல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல ஷெட்யூல் 1, அதை டப்பாவுல போட்டு விக்கிறவங்க கதையை இன்னொரு நாள் பேசலாம்.

பிளம்பிங்கோட சேர்த்து 12,500 ரூபாய்னு பேச்சு, பாதி அட்வான்ஸ், பாதி மாட்டின அன்னிக்கு. வாய்ஸ் நோட்ல அவர் சொன்னது அப்படியே இருக்கு: கிளியர் அக்ரிலிக் பாடி, நீடில் வீல் பம்ப், "பிட்டிங்ஸ் எல்லாம் அக்வேரியம் கிரேடு சார், ஒரு பொட்டு மெட்டல் இருக்காது". வந்தது என்னன்னா 4 இன்ச் சாம்பல் கலர் எஸ்டபிள்யூஆர் பைப், அதாவது நம்ம வீட்டு டாய்லெட் லைனுக்குப் போடுற அதே பைப், கழுத்து மட்டும் அக்ரிலிக். கேட்டா "பாடி எதுக்கு சார் தெரியணும், நுரை தெரிஞ்சா போதாதா"ன்றார். நியாயமா சொல்லணும்னா பிவிசி பாடியில ஸ்கிம்மர் நல்லாவே ஓடும், உலகம் பூரா அப்படிச் செய்யறாங்க. ஆனா அக்ரிலிக்குக்குக் காசு வாங்கிட்டு டாய்லெட் பைப்பைக் குடுக்கறதுக்குப் பேர் வேற.

ஸ்கிம்மர் என்ன பண்ணுதுன்னு புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. மீன் கழிவு, மிச்ச தீனி இதுல இருந்து வர்ற ஆர்கானிக் சமாச்சாரம் காத்துக் குமிழ் மேல போய் ஒட்டிக்கும், உப்புத் தண்ணியில குமிழ் ரொம்பப் பொடிசா நிக்கும், அதனால அதுல ஒரு பங்கு நுரையா மேல ஏறி கப்ல விழுந்துடும், அழுகி அம்மோனியா ஆகறதுக்கு முன்னாடியே அழுக்கு வெளிய. குமிழ் எவ்ளோ பொடிசோ அவ்ளோ நல்லது, அதுக்குத்தான் நீடில் வீல், இம்பெல்லர்ல இறக்கைக்குப் பதிலா ஊசி ஊசியா நீட்டிட்டு இருக்கும், காத்தை அடிச்சு மாவாக்கிடும். என் பம்ப்பைப் பின்னால கழட்டிப் பார்த்தா சாதா கூலர் பம்ப்ல இருக்கிற மாதிரி அஞ்சாறு இறக்கை, அவ்ளோதான். வாயில ஒரு வென்சூரி மூக்கு (தண்ணி ஓட்டத்துலயே காத்தை உறிஞ்சற பிட்டிங்) சொருகி ஏர்லைன் ட்யூப் மாட்டி விட்டிருந்தார். குமிழ் எல்லாம் சோடா பாட்டில்ல வர்ற குமிழ் சைஸ்.

இதெல்லாம் காசு போன விஷயம், போகட்டும். பிளம்பிங்தான் உண்மையான கூத்து.

அவுட்லெட்ல ஆரம்பிக்கிறேன். பம்ப் தண்ணியை பிரஷர்ல உள்ள தள்ளுது, வெளிய போற தண்ணி சும்மா தன் எடையில வழிஞ்சு போகணும், அதனால இன்லெட் முக்கால் இன்ச்னா அவுட்லெட் ஒன்றேகால் இல்ல ஒன்றரை இன்ச் இருக்கணும். இவர் ரெண்டுக்கும் முக்கால் போட்டு, நடுவுல ரெண்டு எல்போ, ஒரு பால் வால்வு. பால் வால்வு வீட்டு டேங்க்குக்கு ஓகே, ஸ்கிம்மர்ல அதை வச்சு ட்யூன் பண்ணவே முடியாது, மயிரிழை திருப்பினா கழுத்து வரைக்கும் தண்ணி, இன்னொரு மயிரிழை திருப்பினா நுரையே கப்புக்கு எட்டாது. அதுக்கும் மேல, அவுட்லெட் பைப் மேல ஏறித் திரும்புற இடத்துல டீ (T வடிவ) பிட்டிங் போட்டு அதோட வாயைத் திறந்து விட்டிருக்கணும், காத்து உள்ள போகும், சைஃபன் உடையும். எல்போ போட்டு மூடிட்டார். என்ன ஆச்சுன்னா தண்ணி ஏறும், பைப் நிறையும், திடீர்னு சைஃபன் பிடிச்சு கடகடகடன்னு உறிஞ்சிட்டுப் போகும், லெவல் பொத்துனு இறங்கும், திரும்ப ஏறும். விடிய விடிய இதே சத்தம். ஒரு ராத்திரி ஏறின தண்ணி இறங்கவே இல்ல, கப் நிறைஞ்சு, கப்புக்கு வச்ச கேன் நிறைஞ்சு, ஸ்டாண்டுக்குள்ள உப்புத் தண்ணி, பிளைவுட் ஒரு பக்கம் உப்பிடுச்சு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல தெறிச்சு ஈஎல்சிபி (கரன்ட் கசிஞ்சா லைனை ஆஃப் பண்ற சுவிட்ச்) டிரிப் ஆனதால கரன்ட் ஷாக் இல்லாம தப்பிச்சோம், டேங்க் லைன்ல அது இல்லாதவங்க தயவுசெஞ்சு மாட்டிடுங்க.

போன் பண்ணினா ஒரே பதில், "பிரேக்-இன் பீரியட் சார், புது ஸ்கிம்மர்னா அப்படித்தான் பொங்கும்". பிரேக்-இன் நிஜம்தான், புது பிளாஸ்டிக்ல எண்ணெய்ப் பிசுக்கு, சால்வென்ட் வாடை இருக்கும், சில நாள், மிஞ்சிப் போனா ஒண்ணு ரெண்டு வாரம் கண்டபடி பொங்கும். அந்த ஒரு உண்மையை வச்சுக்கிட்டே மனுஷன் மாசக்கணக்குல ஓட்டினார். அடுத்து உங்க சால்ட் சரியில்லன்னார், என்கிட்ட நல்ல சால்ட் இருக்கு வாங்கிக்கோங்கன்னார். சம்ப்ல கடைசி சேம்பர்ல, மேல டேங்க்குக்குத் தண்ணி ஏத்தற ரிட்டர்ன் பம்ப் பக்கத்துல கொண்டு வச்சதும் அவர்தான், அங்கதான் தண்ணி வத்த வத்த லெவல் இறங்கும், மே மாசம் தண்ணியைக் குளிர வைக்க ஃபேன் வேற ஓடுது, காலையில ஒரு லெவல் சாயங்காலம் ஒரு லெவல், ஸ்கிம்மர் எப்படி நிதானமா ஓடும்? தண்ணி மட்டம் மாறாத முதல் சேம்பர்ல வைக்கணும்னு சொன்னா, "எல்லாருக்கும் இப்படித்தான் வச்சுக் குடுக்கறேன்"ன்றார்.

இதுக்கு நடுவுல நத்தைங்க ஒண்ணொண்ணா கண்ணாடியில இருந்து கழண்டு மணல்ல மல்லாந்து கிடக்க ஆரம்பிச்சுது. ஷ்ரிம்ப் ரெண்டும் தீனிக்கு வரல, அப்புறம் ஒண்ணு செத்துது, அடுத்த நாள் இன்னொண்ணு. அனிமோன் சுருங்கி வாய் பிளந்து கிடக்கு. கிளவுன் மட்டும் எப்பவும் போல குதியாட்டம். அம்மோனியா சீரோ, சாலினிட்டி (உப்பு அளவு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டியில) 1.025, டெம்பரேச்சர் ஓகே. மீன் நல்லா இருந்து, முதுகெலும்பில்லாதது மட்டும் வரிசையா சாகுதுன்னா முதல் சந்தேகம் காப்பர். டெஸ்ட் கிட் வாங்கிப் போட்டேன், கலர் காட்டுச்சு.

அப்பதான் லைனை அக்கக்கா கழட்டினேன். வெளிய பார்த்தா எல்லாம் கிரீம் கலர் சிபிவிசி, ஒரு குறையும் தெரியாது. பம்ப் வாய்ல இருந்து வர்ற எம்டிஏவை (வெளிப்பக்கம் த்ரெட் இருக்கிற பிட்டிங்) திருகி எடுத்தா உள்ள பித்தளை த்ரெட். டெஃப்லான் டேப் முழுக்க பச்சையா ஊறிப் போயிருக்கு, மஞ்சளா இருக்க வேண்டிய பித்தளை அங்கங்க செம்பு மாதிரி சிவந்து, நகத்தால கீறினா பொடியா வருது. உப்புத் தண்ணி பித்தளையில இருக்கிற துத்தநாகத்தைத் தின்னுட்டா அப்படித்தான் ஆகும், கூடவே காப்பரும் கரைஞ்சு டேங்க்குக்குள்ள. அவுட்லெட் பக்கமும் ஒரு எஃப்டிஏ (உள்பக்கம் த்ரெட் இருக்கிறது), அதுவும் பித்தளை. வீட்டு பாத்ரூம்ல குழாய் மாட்ட இதுதான் நல்ல பிட்டிங், பிளாஸ்டிக் த்ரெட்டை விட விலை ஜாஸ்தி, நல்ல தண்ணியில பெருசா ஒண்ணும் ஆகாது. மரைன் டேங்க்ல விஷம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தா தனி டேங்க்ல காப்பர் மருந்து 0.15ல இருந்து 0.2 பிபிஎம் வரைக்கும் போடுவோம், மீன் தாங்கும், அந்த அளவுல நத்தை, ஷ்ரிம்ப் எதுவும் நிக்காது, அதுக்குக் கீழயே காலி.

இன்னொரு கூத்தும் அப்பதான் தெரிஞ்சுது. முக்கால் இன்ச் சிபிவிசியோட வெளிவிட்டம் 22 எம்எம் சொச்சம், முக்கால் இன்ச் யுபிவிசிக்கு 26.7, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காராது, கன்வெர்ட்டர் பிட்டிங் வாங்கித்தான் சேர்க்கணும். இவர் ஒண்ணை இன்னொண்ணுக்குள்ள விட்டு, சந்துல எம்சீல் அப்பி, மேல சாம்பல் பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கார். பெயின்ட் அடிச்சவருக்குத் தெரியாம நடந்ததுன்னு யாராவது சொன்னா நான் நம்பத் தயாரில்ல.

போட்டோ எடுத்து அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துது. வாய்ஸ் நோட்டையே அவருக்குத் திருப்பி அனுப்பினேன், "பித்தளை மெட்டல்ல வராது சார், அது குவாலிட்டி பிட்டிங்"னு ஒரு பதில். பணத்தைக் கேட்டதும் பிளாக்.

இப்ப டேங்க்ல பாதித் தண்ணி மாத்திட்டு, காப்பர் உறிஞ்சற ரெசினும் கார்பனும் ஓடுது. பிரச்சனை என்னன்னா ராக், மணல் எல்லாம் காப்பரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும், அதனால டெஸ்ட் தொடர்ந்து சுத்தமா வர்ற வரைக்கும் ஒரு நத்தை கூட உள்ள விடப் போறதில்ல. அனிமோன் ஃப்ரெண்ட் டேங்க்ல இருக்கு, பிழைக்குமான்னு பார்க்கணும். அந்தப் பாடியைத் தூக்கிப் போடல, பித்தளை மொத்தத்தையும் எடுத்துட்டு, முழு யுபிவிசியில, அவுட்லெட் ஒன்றரை இன்ச், மேல திறந்த டீ, வால்வே கிடையாது, நிமிர்ந்து நிக்கிற ரைசர் பைப்பை ஒட்டாம சும்மா சொருகி வச்சு ஏத்தி இறக்கி லெவல் செட் பண்றேன், கழட்டிக் கழுவ ரெண்டு பக்கமும் யூனியன், உள்ள ரப்பர் ஓ-ரிங் இருக்கிற முழு பிளாஸ்டிக். பம்ப்பையும் நீடில் வீலா மாத்தினேன். கப்ல இப்ப டிக்காஷன் கலர்ல வருது, நாத்தம் குடலைப் பிடுங்குது, அதுதான் வேணும்.

அதே ஆள் வேற நம்பர்ல வேற வீடியோ போட்டுட்டிருக்கறதா தெரியுது. உங்ககிட்ட வந்தா ஒட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிட்டிங்கையும் வாய் தெரியற மாதிரி போட்டோ கேளுங்க, ஒரு சின்னக் காந்தம் வச்சு டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்னு சொன்னா சிரிச்சிட்டு அனுப்பிடுங்க, பித்தளையில காந்தம் ஒட்டாது. பெயின்ட் அடிச்ச ஜாயின்ட் எதையும் வாங்காதீங்க. பில் கட்டாயம் கேளுங்க, எனக்கு அவர் குடுக்கல, ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் வாய்ஸ் நோட்டும்தான் கையில இருக்கு. அதை வச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு, நகரலைன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கிடையாது. இவர்கிட்ட வாங்கி இதே மாதிரி பித்தளை கண்டுபிடிச்சவங்க இருந்தா போட்டோவோட சொல்லுங்க, சேர்ந்து போட்டா கேஸ் இன்னும் கெட்டியா நிக்கும்.