ஏற்காட்டு மலைப்பாதையில் அடிபட்ட ஹெரால்டும் சேலத்துப் பட்டறைகளும்

பிரிட்டனின் கோவென்ட்ரி நகரில் 23 ஆண்டுகளாக வசிக்கும் நான், ஐந்து வார விடுப்பில் சேலம் வந்திருந்தபோது, அப்பா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஏற்காட்டு மலைப்பாதையில் விபத்துக்குள்ளானது. அதைச் சீர்செய்ய எங்களுக்குக் கிடைத்த சேவைகளையும் கிடைக்காமற்போனவற்றையும் இங்கே எழுதுகிறேன். சொந்த ஊரில் பழைய வண்டியை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் என்பதால், எங்கள் அனுபவம் ஒருவருக்கேனும் உதவக்கூடும்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த டிரையம்ப் ஹெரால்டு, நான் இப்போது குடியிருக்கும் கோவென்ட்ரியில் தயாராகி 1959-இல் வெளிவந்தது. சென்னையிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. எங்களுடையது 1969-இல் பதிவான நான்கு கதவு வண்டி. ஆங்கிலேயரின் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள்தாம். நான்கு கதவு என்பது நம் ஊருக்காகச் செய்த மாற்றம். எனவே எஞ்சின், பிரேக், முன்சக்கர அமைப்பு ஆகியவற்றுக்கான பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைத்தாலும், பின்கதவு நசுங்கினால் அதை நம் ஊர்க் கைகள்தாம் நிமிர்த்தியாக வேண்டும்.

இந்தியாவில் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை நான் புறப்படும் முன் வாங்கியிருக்கவில்லை. ஆகவே தம்பிதான் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாலை, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்து அடிவாரத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். மேலேறிவந்த பேருந்தை முந்திய கார் ஒன்று முழுவதுமாக எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. தம்பி இடப்புறம் ஒடித்தான். வண்டியின் இடது முன்மூலை தடுப்புச் சுவரில் மோதி நின்றது. அந்தக் கார் நிற்கவில்லை. எங்கள் இருவருக்கும் பெரிய காயமில்லை; தம்பிக்கு மணிக்கட்டு மட்டும் சுளுக்கிக்கொண்டது.

முதலில் வந்த மீட்பு வண்டி, முன்பக்கத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தது. இந்தக் காரின் எஞ்சின் மூடி, இரு முன் மட்கார்டுகள், விளக்குகள் அனைத்தும் ஒரே துண்டாக முன்நோக்கிக் கவிழ்ந்து திறப்பவை என்பதால், நசுங்கிய மூக்கைத் தூக்கினால் மிச்சமும் கெட்டுவிடும். ஓட்டுநர் கோபித்துக்கொண்டாலும் நாங்கள் மறுத்துவிட்டு, தட்டையான மேடை கொண்ட வண்டிக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை அன்றிரவே பெற்றுவிட்டோம். அங்கே எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள்.

காப்பீட்டில்தான் மனம் நொந்துபோனேன். எங்களிடம் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்தது. சென்ற ஆண்டு சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் கேட்டபோது, அந்த அலுவலகத்தில் "கம்ப்யூட்டர்ல இந்த மாடலே இல்லைங்க" என்று சொல்லித் தம்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, காப்பீட்டாளரும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையையே மதிப்பாக வைக்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது. அதை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புகைப்படங்களோடு சென்று இதைப் பேசிவிடுவது நல்லது.

மறுநாள் நாங்கள் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிய முதல் பட்டறையில், மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல், முன்பக்கச் சட்டத்தை வெட்டியெறிந்துவிட்டு இரும்புப் பெட்டிச் சட்டத்தை வைத்துப் பற்றவைத்து, கூடவே ஆம்னி வேன் எஞ்சினையும் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். "மைலேஜ் நல்லா வரும் சார்" என்பது அவர்கள் காட்டிய ஆசை. இதை ஏற்றுக்கொண்ட பலரை எனக்குத் தெரியும். அவர்கள் இழந்தது என்ன என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த சொந்தப் பயன்பாட்டு வாகனம் விண்டேஜ் வாகனமாகப் பதிவுபெற வேண்டுமானால், அதன் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது. ஒருமுறை வெட்டிவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். (அந்தப் பதிவைப் பெற்றால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியைச் சாலையில் எடுக்க முடியும் என்பதால், ஞாயிறுதோறும் மலையேற விரும்பும் தம்பி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கமான பதிவிலேயே இப்போதைக்குத் தொடர்கிறான்.)

பிறகு, லாரி சேஸிஸ் நிமிர்த்தும் ஒரு பட்டறைக்கு உறவினர் ஒருவர் எங்களை அனுப்பினார். சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரம் லாரியை நம்பி வாழ்வது. கோணிப்போன சட்டத்தை நிமிர்த்தும் அறிவு இங்கே மூன்று தலைமுறையாகக் கைமாறிவந்திருக்கிறது. ஹெரால்டுக்கும் லாரியைப் போலவே தனிச் சேஸிஸ் உண்டு என்பதும், உடற்கூடு அதன்மேல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தும், லாரிப் பட்டறையையும் எங்கள் காரையும் சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அறுபது வயதைக் கடந்த அந்தப் பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "தம்பி, நசுங்குனது கண்ணுக்குத் தெரியுது. அடியில கோணியிருந்தா தெரியாது. மொதல்ல அளந்துடலாம்" என்றார். வண்டியைச் சமதளமான சிமெண்ட் தரையில் நான்கு முட்டுகளின்மேல் நிறுத்தி, சேஸிஸின் இருபுறமும் ஒரே இடத்தில் இருக்கும் துளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு அசைவற்று நிற்கும்வரை மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, அதன் நுனி காட்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். பிறகு வண்டியைத் தள்ளி நகர்த்தியபோது, தரையில் எட்டுப் புள்ளிகள் இருந்தன. மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்ததில், பின்பாதியின் இரு குறுக்களவுகளும் சமமாக இருந்தன. முன்பாதியில் ஒன்றுக்கொன்று 11 மில்லிமீட்டர் வேறுபட்டன. சேஸிஸின் இடது முன்கை உள்நோக்கித் திரும்பியிருந்ததை அந்த நூலின்றி வேறெதுவும் எங்களுக்குக் காட்டியிருக்காது.

நெருப்பு வைத்துச் சூடேற்றினால் இரும்பு பலமிழக்கும் என்று கூறி, சங்கிலியாலும் ஜாக்கியாலும் குளிர்ந்த நிலையிலேயே இரண்டு நாள்கள் சிறிது சிறிதாக இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு அளந்தார். இறுதியில் வேறுபாடு 2 மில்லிமீட்டரில் நின்றபோது, அதற்குமேல் இழுக்க மறுத்துவிட்டார்.

முன்சக்கரங்களைப் பிரித்தபோதுதான் விபத்தைவிடப் பெரிய செய்தி வெளிவந்தது. இந்தக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிநுனியில் மரை வெட்டப்பட்டு, அது ட்ரன்னியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரையும் திரும்பும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். எங்கள் வண்டிக்கோ, ஆண்டுக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். அது உள்ளே கட்டியாகி, தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. இடப்பக்கத் தண்டு மோதலில் வளைந்திருந்தது. அடிபடாத வலப்பக்கத் தண்டையும் அவர் கழற்றச் சொன்னார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் மாவைத் தூவிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பிவந்து பார்த்தபோது, வெள்ளை மாவின்மேல் மரை முடியுமிடத்தில் நூலிழை போன்ற ஈரக்கோடு ஒன்று பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து காட்டிய கோடு அது. என்றாவது ஒரு வளைவில் அந்தத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கியிருக்கும். அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தி அந்தப் பாதையில் நான்கு முறை போய்வந்திருந்த எனக்கு, அதைக் கண்டதும் கைகள் நடுங்கின.

இரு பக்கங்களுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் செல்லும் என்பதால், புதுத் தண்டுகளை இடம் வலம் எனத் தனித்தனியே குறிப்பிட்டு வாங்க வேண்டும். மனைவி கோவென்ட்ரியிலிருந்து கூரியரில் அனுப்பிய இரண்டு தொகுதிகளும் சுங்கத்தைக் கடந்து ஒன்பதாம் நாள் வந்துசேர்ந்தன. ரேடியேட்டரை ஊருக்குள்ளேயே ஈயம் வைத்து அடைத்தார்கள்; அதில் குறையில்லை.

மூடியை நிமிர்த்தியவர் வேறொரு டிங்கர். உள்ளே இரும்புக் கட்டையை அணைகொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டி, உள்ளங்கையைத் தகட்டின்மேல் தடவித் தடவி மேடுபள்ளம் பார்த்தார். கண்ணைவிடக் கைக்குச் சீக்கிரம் தெரியும் என்றார். பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூசுவதைக் கூடியவரை குறைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குக் கூடுதலாக ஆறு நாள்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அதன்படியே முடித்தார்.

சேஸிஸ் நிமிர்த்த ₹18,000, டிங்கரிங் ₹45,000, பெயிண்ட் ₹38,000, பாகங்கள் ₹27,000, மீட்பு வண்டிக்கு ₹6,500 என மொத்தம் ₹1,34,500 செலவானது. பட்டறைக் கணக்குகள் யாவும் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தன. கேட்ட பிறகே ரசீது எழுதித் தந்தார்கள். வேலை நடக்கும்போது எடுத்த புகைப்படங்களையும், அளவுகள் குறித்த தாளையும், கழற்றிய பழைய தண்டுகளையும் வண்டிப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

பெயிண்ட் காய்வதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது. புறப்படும் நாளன்று பட்டறைக்குச் சென்றபோது, பெரியவர் ஒரு சிறிய எண்ணெய்க் குப்பியைத் தம்பியிடம் கொடுத்து, ட்ரன்னியனில் எண்ணெய் விடும் இடத்தை விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மூடியின் உட்புறத்தில் அன்றைய தேதியையும் கிலோமீட்டர் அளவையும் தம்பி பெயிண்ட்டால் எழுதியிருந்தான்; அதன் கீழே அடுத்த முறைக்காக இடம் விட்டிருந்தான்.