யூ பிளாக் லிண்டல்: கடலோரத்து வீட்டில் 12 ஆண்டு அனுபவம்

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் நடுவில். கடலுக்கு நடந்தே போய்விடலாம். 2013-ல் ஹாலோ பிளாக்கில் கட்டினோம். எட்டு வாசல், ஜன்னல்களுக்கு மேலே, மேல்சுவரின் பாரத்தைத் தாங்கும் உத்தரமாக யூ பிளாக் லிண்டல் வைத்தோம். மேற்கு பார்த்த இரண்டு ஜன்னலுக்கு மட்டும் எல்லோரையும் போல முழுசாகப் பலகை அடித்து, சன்ஷேடோடு சேர்த்து வார்த்தோம். ஒரே வீடு, ஒரே உப்புக்காற்று, இரண்டு விதமான லிண்டல். அதனால்தான் இதை எழுத எனக்குத் தைரியம் வருகிறது.

யூ பிளாக் என்பது மேல்பக்கம் திறந்த தொட்டி மாதிரி இருக்கும் கல். அதை வரிசையாக அடுக்கி, உள்ளே கம்பி போட்டு, கான்கிரீட்டால் நிரப்பினால் அதுவே லிண்டல். பக்கவாட்டில் பலகை வேண்டாம். அடியில் ஒரு ரப்பர் மரப் பலகையும் கமுகந்தடி முட்டும் போதும். எங்களுக்குக் கல் கடையில் தயாராகக் கிடைக்கவில்லை; பிளாக் வார்க்கும் களத்தில் சொல்லி வார்த்து வாங்கினோம்.

அளவு விஷயத்தை வரைபடம் போடும்போதே பார்த்துவிட வேண்டும். கல்லின் நீளம் 16 அங்குலம். நாலு கல் வைத்தால் 64 அங்குலம். ஜன்னல் திறப்பு 48 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் 8 அங்குலம் சுவரில் அழகாக உட்காரும். எங்கள் முன்வாசல் மூன்றரை அடி. அதற்குக் கல் வெட்ட வேண்டியிருந்தது, இரண்டு கல் உடைந்தும் போனது.

நிரப்புவதற்கு முன் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். இல்லையென்றால் கலவையில் இருக்கிற தண்ணீரைக் கல் குடித்துவிடும். அரை அங்குலத்துக்கு மேல் ஜல்லி வேண்டாம், கம்பிக்கு அடியில் போகாமல் நின்றுவிடும். 1:1½:3 கலவையில், அடியில் 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டு போட்டோம். சிறு கம்பியால் குத்திக் குத்தி இறக்கினோம். முட்டுகளை 14 நாள் பிரிக்கவில்லை. பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம்.

இதில் உயிர்நாடி கம்பிக்குக் கீழே நிற்கும் இடைவெளிதான். எங்கள் கொத்தனார் வயதானவர், வார்ப்பு வேலையிலேயே ஆயுளைக் கழித்தவர். முதல் லிண்டல் அன்று என்னைக் கூப்பிட்டு, “மக்களே, கம்பி கல்லைத் தொட்டுக் கிடந்தா வார்க்க விடாதே. கீழ ஒரு அங்குலம் தூக்கி நிக்கணும்” என்றார். கல்லின் அடித்தட்டே ஒன்றரை அங்குலம் இருக்கிறதே என்று கேட்டேன். “அது கல்லு, கான்கிரீட் இல்ல. ஈரம் உள்ள வரும்” என்றார். ஏழு லிண்டலுக்குக் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு சிமெண்டுக் கட்டை) வைத்தே வார்த்தோம்.

எட்டாவது, பின்வாசல். அவர் வராத ஒரு சாயங்காலம், மழை மூடிக்கொண்டு வந்தது. கவர் பிளாக் தீர்ந்துபோயிருந்தது. அவசரத்தில் கம்பியை அப்படியே கிடத்தி வார்த்துவிட்டார்கள். நானும் அங்கே நின்றேன், தடுக்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மழை படுக்கையாக வந்து சுவரில் மோதியது. எந்த லிண்டலும் அசையவில்லை. ஆனால் நிலைக்கும் லிண்டலுக்கும் இடையில் தண்ணீர் உள்ளே வந்தது. லிண்டல் அடியில் வெளி ஓரமாக ஒரு சிறு பள்ளக்கோடு விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டி விழுந்திருக்கும்.

2019-ல் பின்வாசல் லிண்டலின் அடியில், கம்பி ஓடும் வாக்கிலேயே ஒரு முடிக்கோடு தெரிந்தது. அடுத்த மழைக்குப் பின் அதில் பழுப்பு நிறம் இறங்கியது. துருப் பிடித்தால் கம்பி பருக்கும். பருத்தால் மூடியிருப்பதைப் பிளக்கும். முட்டுக் கொடுத்து, அடித்தட்டை இரண்டரை அடி நீளத்துக்குக் கொத்தி எடுத்தோம். கம்பி பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சேர்த்த சாந்தால் மூடினோம். இன்றுவரை நிற்கிறது. மற்ற ஏழிலும் ஒரு கோடுகூட இல்லை. சாதாரணமாக லிண்டலும் பிளாக்கும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்கும். இங்கே மேலும் கீழும் ஒரே கல் என்பதால் அந்த வெடிப்பும் வரவில்லை.

மேற்கு ஜன்னல்களின் கதை வேறு. 2021 நவம்பர் பெருமழைக்குப் பிறகு ஒரு சன்ஷேடின் அடியில் ஊதல் கண்டது. சில மாதத்தில் உள்ளங்கை அளவுத் துண்டு துணி துவைக்கும் கல்மேல் விழுந்தது. நல்லவேளை, அம்மா அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். உடைத்துப் பார்த்தால் கம்பி அடியில் கிடக்கிறது. வெளியே நீட்டி நிற்கும் சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வார்க்கும்போது மிதித்துத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

ஆகவே யூ பிளாக் நல்லது, சாதாரணமாகப் பலகை அடித்து வார்த்தது கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டிலும் கெட்டது கம்பி கிடந்த இடத்தால்தான். ஒன்றைமட்டும் உறுதியாகச் சொல்வேன்: எங்களுடையது போன்ற யூ பிளாக் லிண்டலில் சன்ஷேடை நீட்ட நினைக்காதீர்கள். அந்தப் புரட்டும் பாரத்தைத் தாங்க அதில் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியும் இல்லை, பின்னால் பிடிமானமும் இல்லை. இப்போது அந்த ஜன்னல்களுக்கு மேலே இரும்புச் சட்டம் பொருத்திச் சரிவாக ஷீட் போட்டிருக்கிறோம். சட்டத்தின் போல்ட் உள்ளே இருக்கும் கான்கிரீட்டில் இறங்க வேண்டும். கல்லின் ஓட்டில் மட்டும் பிடித்தால் பெயர்ந்துவிடும்.

கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 (2000) கேட்பது எம் 30 என்ற வலுத் தரமும், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் (கவர்). நாங்கள் வைத்தது 25. உள்கதவுகளைப் பற்றி எனக்குப் பயமில்லை. வெளிச்சுவர் லிண்டல்களை வருடம் ஒருமுறை, மழை விட்டதும் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்க்கிறேன்.

தம்பி இப்போது திக்கணங்கோட்டில் வீடு கட்டுகிறான். லிண்டல் மட்டத்தில் யூ பிளாக்கை நாலு சுவரும் சுற்றி ஓடவிட்டு, மூலையில் கம்பியை வளைத்துக் கட்டியிருக்கிறோம். அடுத்த வாரம் நிரப்பு. கவர் பிளாக் ஒரு வாளி நிறைய வார்த்துத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.